பௌதி கூப்பிட்ட முருகன்

இன்று பாலிகஞ்ச் ஆஸ்பத்திரியில் பௌதியைப் பார்க்கப் போனேன். பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. ஐம்பது வருஷமாக எதிர் ஃபிளாட்டில் இருக்கும் வங்காளத் தோழி. முழங்கால் ஆபரேஷன் முடிந்திருக்கிறது.

நர்ஸ் அவரைப் பிடித்து எழுந்து நிற்க வைத்தாள். பௌதி முதல் அடி வைக்கும்போது, "முருகோ" என்றார்.

"யார் அது?" என்றாள் நர்ஸ். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

1974. கல்யாணமாகி கல்கத்தா வந்த புதிது. டிராமிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இனி நடப்பது சிரமம் என்றார் டாக்டர். என் கணவர் ஆபீஸ் போனதும் பௌதி வந்து என்னை நடக்க வைப்பார். அடிக்கு ஒரு தரம் "முருகா" என்பேன்.

ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போச்சு பௌதி. அவன் வரல."

பௌதி என் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

"சரி, நீ கூப்பிட வேண்டாம். இன்னிக்கு உனக்காக நான் கூப்பிடறேன்."

அவர் "முருகோ, முருகோ" என்று ஆரம்பித்ததும், அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். எழுந்து நின்றேன்.

துர்கா பூஜைக்கு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பந்தல்வரை நடந்தேன். அங்கே துர்கையின் பக்கத்தில், மயிலோடு நின்ற மகன் கார்த்திக்கைக் காட்டினார் பௌதி.

"பார், உன் ஆள் இங்கேதான் இருந்திருக்கார்."

கண் நிறைந்துவிட்டது.

ஆனால் முறுக்கு மீசையும் ஜரிகை வேட்டியுமாக வங்காளி பாபு போல நின்றால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? உங்களுக்கு அவர் எந்த வேஷத்தில் வந்தார்?