மஞ்சள் சிவந்து மஞ்சளான கம்பளம்

வன்னியில் நான் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியாது என்று யாரும் சாட்டுச் சொல்லக் கூடாது. தர்மபுரத்தில் பற்றைக்காடு வெட்டித் தோண்டிய கிணறு ஒன்று. மண்சுவர் வீடுகள் மூன்று. மூன்றையும் கட்டியது நான், இரண்டை விட்டுவிட்டு ஓட முடிவெடுத்ததும் நான். அறுபது இரும்புக் கதிரை. பெற்றோல் கண்ணில் படாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றர். யுத்தத் தடையில் சீமெந்து வராது, பற்றரி வராது, சவர்க்காரம் வந்தால் சனம் மணந்து பார்த்துவிட்டு வைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் கலியாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றை, ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நடத்தினான். கணக்கிலும் தமிழிலும் முதல்பிரிவில் தேறியவர்கள் என்னிடம் கதிரை கேட்டு வந்து நின்றார்கள்.

கதிரை எவரிடமும் இருக்கும். என்னிடம் கம்பளம் இருந்தது.

சந்தன நிறம், ஓரத்தில் நீலக் கரை, இருபது முழ நீளம். யாழ்ப்பாணத்தில் நான் தோட்ட வேலை செய்த வீட்டு வைத்தியர் வெளிநாடு போகும்போது என் கையில் தந்துவிட்டுப் போனது. யாழ்ப்பாணமே காலியான தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் மற்றவர்கள் அரிசியும் சட்டியும் கட்டிக்கொண்டு புறப்பட, நான் இதைச் சுருட்டி வெள்ளைச் சீலையால் சுற்றிச் சைக்கிளில் நீளவாக்கில் கட்டினேன். அந்த நெரிசலிலும் சனம் எனக்கு வழிவிட்டது. ஒருவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“ஆர் அண்ணை, தாயோ?”

“இல்லை, காப்பெற்.”

அவர் சால்வையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

வன்னிக்கு வந்த பிறகுதான் கம்பளத்தின் அருமை தெரிந்தது. மாப்பிள்ளை மணவறைக்கு நடந்து வர நிலபாவாடை விரிப்பது எங்கள் வழக்கம். நீளமான வெள்ளைத் துணி. உடுக்கவே துணி இல்லாத இடத்தில் நடக்க எங்கே துணி? ஆகவே என் கம்பளம் நடந்தது. சாணி மெழுகிய நிலத்தில் விரித்தால் கொட்டில்கூட மாளிகை மாதிரி இருக்கும். முல்லைத்தீவுக் கரையில் கத்தோலிக்கர் வீட்டுக் கலியாணங்களுக்கும் அதுதான் போனது.

போன இடமெல்லாம் கறையோடு திரும்பியது. எங்கள் சனம் நிலத்தில் சிந்துவதில்லை. கம்பளத்தைக் கண்டால் மட்டும் கை நடுங்கும். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். தேத்தண்ணி என்றால் தேய்க்கக் கூடாது, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உப்புத் தண்ணீர். எண்ணெய் என்றால் அரிசிமாவைக் கொட்டி மூடிவிட வேண்டும். மா எண்ணெயைக் குடித்த பிறகு தட்டிவிடலாம். மெழுகுதிரி உருகி ஒட்டினால் மேலே கடதாசியை வைத்துச் சிரட்டைக்கரி போட்ட துணி அழுத்தியால் ஒரு இழுப்பு. சவர்க்காரம் இல்லையென்று சனம் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம் அது. நானும் ஒருதரம் கம்பளத்தைப் பனம்பழத்தால் தோய்த்துக் காயப் போட்டேன். பின்னேரம் பார்த்தால் இரண்டு மாடு நின்று ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு, எதற்கும் மசியாத அழுக்குக்கு என் மருந்து சாம்பல் தண்ணீர். தென்னம்பொச்சுச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்ததை வடித்தால், எந்தச் சவர்க்காரமும் அதன் கிட்ட நிற்காது.

இந்தச் சாம்பல் தண்ணீரால்தான் ஒரு கலியாணம் நின்றுபோகப் பார்த்தது. அதைக் காப்பாற்றியது யார் என்பதுதான் இப்போது பிரச்சினை.

எங்கள் பக்கத்தில் ஒரு விதவைத் தாய், ஒரே மகள். மகளுக்கு முப்பத்துமூன்று வயது. முன்னர் மூன்று சம்பந்தம் பேசிக் கலைந்திருந்தது. நாலாவதாக வந்தது புதுக்குடியிருப்பு மாப்பிள்ளை. மாப்பிள்ளை தங்கமானவர், தாய்தான் சகுனம் பார்ப்பவர். தாலிக்குப் பொன் உருக்கப் புறப்பட்ட அன்று விறகுகாரன் எதிரே வந்தான் என்று வாசலோடு திரும்பிப்போய், மூன்று மாதம் தள்ளிப் போட்ட மனுசி.

கலியாணத்தன்று காலை நான் கம்பளத்தை விரித்துவிட்டு நிமிர, பெண்ணின் தாய் மணவறைக்குப் பிள்ளையார் பிடிக்கத் தளரக் குழைத்த மஞ்சளோடு வந்தார். வந்தவர் கம்பளத்தின் நீலக் கரையில் கால் தடக்கினார். சோற்றுக் கோப்பை அளவில் மஞ்சள், மணவறைக்கு நேர் முன்னால்.

“விடுங்கோ அண்ணை, மஞ்சள்தானே,” என்றார். “மங்கலம் எண்டு நினைப்பினம்.”

“மங்கலமோ? என்ரை காப்பெற்றிலை ஒரு பொட்டு இருக்கக் கூடாது தங்கச்சி.”

என் மனைவி கதிரை துடைத்துக்கொண்டிருந்தவள், அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “அந்த மனுசி சொல்லுறதைக் கேளுங்கோவன். கையைச் சும்மா வச்சிட்டு இருக்க ஏலாதோ உங்களுக்கு?”

போத்தலில் கொண்டு போயிருந்த சாம்பல் தண்ணீரை ஊற்றி ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. சிவந்தது. கண் முன்னாலேயே கோழி அறுத்த இடம் மாதிரிச் சிவந்தது. இன்னும் ஊற்றினேன். இன்னும் சிவந்தது.

பெண்ணின் தாய் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். “ஐயோ, இரத்தம் மாதிரிக் கிடக்கே. மாப்பிள்ளையின்ரை தாய் கண்டால் ட்ரக்டரைத் திருப்பிக்கொண்டு போயிடுவா. இனி என்ரை பிள்ளைக்கு ஆர் அண்ணை?”

உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்த பெண் பாதிப் பின்னலோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். அழவில்லை. “திரும்பிப் போனால் போகட்டும் அம்மா. எனக்குப் பழகிட்டுது,” என்றாள். தாய் அழுததைவிட அதுதான் எனக்குச் சுட்டது.

கம்பளத்தைச் சுருட்டலாம் என்றால், அடியில் மண்நிலம் ஈரத்தில் குழைந்து கிடந்தது. மாப்பிள்ளையைச் சேற்றில் நடத்த முடியாது. மேலே கதிரை வைக்கலாம் என்றால் மணவறை வாசலை மறிக்கும். தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது ஒரு பிள்ளை ஆலத்தித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் தண்ணீர் சிவப்பு. அது எப்படிச் சிவக்கிறது? மஞ்சளில் சுண்ணாம்பு போடுகிறோம். ஆயிரம் கலியாணத்தில் ஆலத்தி கண்டவன் நான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். சுண்ணாம்பு செய்ததை இங்கே சாம்பல் செய்திருக்கிறது. காரம் சிவப்பாக்கினால், புளி அதை முறிக்க வேண்டும். படித்த ஒருவரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

குசினிக்குள் ஓடி ஐந்து தேசிக்காயைப் பிழிந்து ஒரு செம்பில் விட்டுக்கொண்டு வெளியே வர, வாசலில் ட்ரக்டர் பெட்டி வந்து நின்றது. மாப்பிள்ளைக்கு முன்னால் இறங்கியது தாய். நேரே பந்தலுக்குள் வந்து, நேரே அந்த இடத்தில் நின்றார்.

“உதென்ன சிவப்பு?”

நான் குனிந்து துடைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. மணவறைக்குப் பக்கத்தில் நின்ற ஐயரிடம் செம்பைக் கொடுத்துக் காதுக்குள் சொன்னேன். “ஐயா, தேசிப்புளி. மாவிலையாலை உதிலை தெளியுங்கோ. மிச்சம் வைக்காமல் தெளியுங்கோ.”

“மந்திரமும் நீரே சொல்லித் தாறீரோ?” என்றார். ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். குரலை உயர்த்தி மந்திரம் சொன்னபடி தெளித்தார். துளி விழுந்த இடமெல்லாம் மஞ்சள் பொட்டு. சிவப்புக்குள் மஞ்சள் புள்ளி புள்ளியாகப் பூத்தது. மீதியை ஒரேயடியாகக் கவிழ்த்தார். சிவப்பு அடங்கி, குத்துவிளக்குச் சுடர் மாதிரி மஞ்சளாய்க் கிடந்தது.

மாப்பிள்ளையின் தாய் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். “அம்மாளாச்சி! கண்ணேறை எடுத்துப் போட்டாள்! தம்பி, வலது காலை வச்சு வா அப்பு!”

தாலி ஏறியது. பெண்ணின் தாய் ஐயரின் காலில் விழுந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் தேசிக்காய்த் தோலோடு.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐயரைத் தனியாகப் பிடித்தேன். “ஐயா, உண்மையைச் சனத்துக்குச் சொல்லவேணும்.”

“என்ன உண்மை? தேசிக்காய் உம்மடை. மந்திரம் என்ரை. எதாலை போனது எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் தாம்பூலத்தோடு சைக்கிளில் ஏறிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள்: “சிவப்பாக்கினது ஆர் எண்டும் சேர்த்துச் சொல்லப் போறியளோ?”

ஐயருக்கு அந்த வருடம் ஓய்வில்லை. கண்ணேறு கழிக்க விசுவமடு வரை கூட்டிப் போனார்கள். என் கம்பளத்தில் கிடந்த மஞ்சளை நாலு நாள் வெயிலில் போட்டால் தானாக வெளிறிவிடும்; எனக்குத் தெரியும். போட விட்டால்தானே? அந்த முனை மணவறைப் பக்கம் வரவேண்டும் என்று சொல்லியே கலியாணக்காரர் கேட்டு வந்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கறை எடுத்தவன், ஒரு கறையைக் காவல் காத்துக்கொண்டு திரிந்தேன்.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். அந்தத் தம்பதி இப்போது கனடாவில், பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறார்கள். கலியாணத்தின் வெள்ளிவிழாவுக்கு அவர்களின் பிள்ளைகள் ஒரு மலர் அச்சடித்து எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு முழுப் பக்கம் ‘மணவறையில் நடந்த அற்புதம்’. அம்மன் இருக்கிறாள், ஐயர் படத்தோடு இருக்கிறார். கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில், சமையல்காரருக்கும் மேளகாரருக்கும் கீழே, ‘கதிரை, கம்பளம் தந்தவர்’ என்று ஒரு வரி. அது நான்.

பிள்ளைகளே, மலரைத் திரும்ப அச்சடிக்கும்போது சரியாகப் போடுங்கள். சாம்பல் தண்ணீர் ஊற்றிச் சிவப்பாக்கியவர் இன்னார். அதையும் மறைக்க வேண்டாம், அது இல்லாமல் உங்களுக்கு அற்புதம் ஏது? யோசித்தவர் இன்னார், தேசிக்காய் பிழிந்தவர் இன்னார், ஐயரின் கையில் செம்பைக் கொடுத்தவர் இன்னார். அந்தப் பக்கத்தில் ஐயரின் படத்துக்குக் கீழே நாலு விரல் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே போட்டால் போதும். மேலே போட்டாலும் நான் மறுக்க மாட்டேன்.