முந்நூறு வார்த்தைக்குள் முயீவா

"கொஞ்சம் தூக்கு" என்றால் போதும். முயீவா மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வான். நான் ஃப்ரீசரைத் திறந்து ஆட்டுக்கறியோ கானாங்கெளுத்தியோ எடுத்துக் கொடுத்துவிட்டு மூடியதும், மறுபடி மூடியின் மேல் வைத்து, விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்குவான். மெல்போர்ன் புறநகரான டார்னீட்டில் நான் கடை திறந்த நாளிலிருந்து அந்த ஃப்ரீசர்தான் அவனுடைய செய்தி அறை. வீட்டில் மேஜை இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "மேஜை இருக்குக்கா, சத்தம் இல்லை. சத்தம் இல்லாம எனக்கு வாக்கியம் வராது" என்றான். ஃப்ரீசரின் உறுமல், நைஜீரியாவில் இபாதான் நகரில் அவன் அலுவலக ஜெனரேட்டர் போட்ட சத்தத்துக்கு ஏறக்குறைய பொருந்துகிறதாம்.

இபாதானில் பதினான்கு வருடம் தினசரி ஒன்றில் நிருபர். இரண்டு ஆளுநர்களுக்கு வேர்க்க வைத்தவன். இதற்குச் சாட்சி அவன் ஒருவன்தான். மனைவி ஓமொலாரா செவிலி. மெல்போர்ன் மருத்துவமனை கூப்பிட்டது அவளை. விசாத் தாளில் இவன் 'உடன் வரும் துணை'. துணை இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். அங்கே படுக்கை விரிப்பவர் லாகோஸில் வங்கி மேலாளராக இருந்தவர், சாப்பாட்டு வண்டி தள்ளுபவர் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். ஒரு நிருபரும் சேர்ந்ததில் யாருக்கும் வியப்பில்லை.

வியப்பு அவன் குறிப்பெழுத ஆரம்பித்த பிறகுதான். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் முதியவர்கள் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று இரண்டு வரி எழுதவேண்டும். முயீவா எழுதியது இது: "வியாழன் காலை எட்டு மணியளவில் பன்னிரண்டாம் எண் அறையில் பரபரப்பு நிலவியது. ஓட்ஸ் கஞ்சியைத் திருமதி டல்சி ஏற்க மறுத்தார். மறுப்புக்கான காரணம் உடனடியாகத் தெரியவில்லை. கஞ்சி ஆறிப்போயிருந்ததாக அவருக்கு நெருங்கிய வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."

"யாரு இந்த நெருங்கிய வட்டாரம்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"பேரைச் சொல்ல முடியாது மேடம். தொழில் தர்மம்."

திட்டினார்கள். ஆனால் அடுத்த ஷிஃப்ட்காரர்கள் வந்ததும் முதலில் புரட்டுவது அவன் பக்கத்தைத்தான் என்று வங்கி மேலாளர் என்னிடம் சொன்னார்.

நகராட்சி நடத்தும் 'வேலைக்குத் தயாராகும் வகுப்'பில் முயீவா நான்கு முறை தேறியிருக்கிறான். அவன் தயார், வேலைதான் தயாராக இல்லை. முதல் வகுப்பில் அவன் நீட்டிய பயோடேட்டா ஒன்பது பக்கம். புகைப்படம், மதம், அப்பா பெயர், அப்பாவின் ஊர், எட்டாம் வகுப்புக் கட்டுரைப் பரிசு எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியை ஷெல்லி அதை இரண்டு பக்கமாக்கச் சொன்னாள். "அப்பா பேரை எடுத்துட்டா, நான் யாரு வீட்டுப் பிள்ளைன்னு அவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்று என்னிடம் வந்து பொருமினான். ஒத்திகை நேர்காணலில் "உங்க பலவீனம் என்ன?" என்று ஷெல்லி கேட்டிருக்கிறாள். "கடவுள் கிருபையில ஒண்ணும் இல்லை மேடம்" என்றிருக்கிறான். யோசித்துச் சொல்லுங்கள் என்றதும், நன்றாக யோசித்து, "இருந்தாலும் வெளியாட்கள்கிட்ட சொல்லக்கூடாது" என்றானாம். நான்கு சான்றிதழ்களையும் லேமினேட் செய்து கோப்பில் வைத்திருக்கிறான். மழையில் வேலை தேடவேண்டி வந்தாலும் நனையாது.

'வருந்துகிறோம்' என்று வரும் கடிதங்களை ஃப்ரீசர் மேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்துவான். "இந்த மூணாவது வாக்கியம் எதுக்குக்கா? முதல் வாக்கியத்துலயே அடிச்சாச்சு. செத்தவனை மறுபடி ஏன் அடிக்கணும்?" என்பான். நான் சிரிப்பேன். அவன் போன பிறகு எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அறுபத்து மூன்று கடிதம் திருத்திவிட்டான்.

போன ஆகஸ்டில் எங்கள் வட்டார வாராந்தரியிலிருந்து பதில் வந்தது. வாரம் மூன்று நாள் நிருபர் வேலை. ஆசிரியர் மெரில் என்ற பெண்மணி. சுற்றுவட்டாரத்தில் நடக்கும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியைப் பற்றித் திங்கள் மதியத்துக்குள் முந்நூறு வார்த்தையில் எழுதி அனுப்பு, முந்நூற்றொன்றாவது வார்த்தையை நான் படிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாள். நடத்தைக்குச் சாட்சியாக ஒருவர் பெயரும் கேட்டாள். முயீவா எங்கள் இக்போ இனச் சங்கத் தலைவர் ஒக்வுடிலியின் பெயரைக் கொடுத்தான்.

"இதுதான் கடைசிக்கா" என்றான். பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினான். செவிலிப் படிப்புக்கானது, ஓமொலாரா தன் கையாலேயே நிரப்பி வைத்திருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "இதுவும் போச்சுன்னா இதுல போட்டுடுவேன். அப்புறம் நிருபர்னு யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அந்தச் சனிக்கிழமை எங்கள் புதுக்கிழங்குத் திருவிழா. முதல் வள்ளிக்கிழங்கைச் சுட்டு, தலைவர் வெட்டி வாயில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். அந்த வருடம் பார்த்து முழுக் கிழங்கு எங்கும் கிடைக்கவில்லை. என் ஃப்ரீசரில் இருந்தது துண்டு போட்ட கிழங்கு. ஏற்கெனவே வெட்டியதைத் தலைவர் எப்படி வெட்டுவார்? கடைசியில் எதிர்வீட்டு டோங்கா தீவுக்காரி சலோமே, தன் சர்ச் விருந்துக்கு வாங்கி வைத்திருந்த கிழங்கைக் கொடுத்தாள். அதை என்ன செய்கிறோம் என்று பார்க்க முன்வரிசையில் வந்து உட்கார்ந்தும் கொண்டாள். தலைவர் வெட்டினார். சலோமே எட்டிப் பார்த்து, "வேகலையே" என்றாள். எண்பது பேர், மத்தளம், மேடை எல்லாம் நிற்க, கிழங்கு மறுபடி நெருப்புக்குப் போயிற்று. இருபது நிமிடம்.

ஞாயிறு மதியம் முயீவா ஃப்ரீசர் மேல் முந்நூறு வார்த்தையை முடித்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினான். மாண்புமிகு உயர்தலைவர் டாக்டர் பொறியாளர் அமைதித் தூதர் கிழங்கு வேந்தர் ஒக்வுடிலி, அவருடைய துணைவியார், 'அன்றைய தினத்தின் தந்தை', 'அன்றைய தினத்தின் தாய்' என்ற கௌரவ விருந்தினர்கள், மேடையில் இருந்த பதினோரு பேர், அத்தனை பேரின் பட்டங்கள். எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு வார்த்தை. நைஜீரியப் பத்திரிகைகளில் அதுதான் முறை. ஒரு பட்டம் விட்டுப்போனால் மறுநாள் அலுவலக வாசலில் ஆள் நிற்கும்.

"சலோமே எங்கடா?" என்றேன்.

"அவளுக்குத்தான் பட்டமே இல்லையே. எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"பட்டத்தை எல்லாம் எடு. அவ சொன்னதுதான் செய்தி."

"எனக்குத் தெரியாதாக்கா?" என்றான். "நான் யொரூபாக்காரன். இக்போத் தலைவரை வெறும் மிஸ்டர்னு எழுதினா, எழுதத் தெரியலைன்னா சொல்வாங்க? வேணும்னு பண்ணினான்னு சொல்வாங்க. மெரில் போன் பண்ணப்போறதும் அவருக்குத்தான்."

அது உண்மைதான்; எங்கள் இரண்டு இனத்துக்கும் ஊரிலேயே பழைய உரசல் உண்டு. ஆனாலும் நான் விடவில்லை. ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னேன்.

"பொறியாளர்?"

"கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறதுக்கு எதுக்கு? எடு."

"டாக்டர்?"

"அது இணையத்துல காசு கொடுத்து வாங்கினது. எடு."

"கிழங்கு வேந்தர்?"

இங்கே நானே தயங்கினேன். அது மட்டும் அவர் பிறந்த ஊர் கூடிக் கொடுத்தது. அவர் அப்பாவுக்கும் இருந்த பட்டம்.

"அதையும் எடு" என்றேன். முயீவா கண்ணை மூடிக்கொண்டு அழித்தான்.

திங்களன்று மதியத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினான். வியாழக்கிழமை அது அச்சில் வந்தது. "டார்னீட்டில் சனிக்கிழமை எண்பது பேர் பசியோடு இருபது நிமிடம் காத்திருந்தார்கள், காரணம், கிழங்கைக் கொடுத்தவர் அது வேகவில்லை என்று சொல்லிவிட்டார்" என்று ஆரம்பம். இரண்டாம் பத்தியில், "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரான மிஸ்டர் ஒக்வுடிலி, 58".

பதினோரு மணிக்குத் தலைவர், பட்டம் பெற்றவர்கள் மட்டும் போடும் சிவப்புத் தொப்பியோடு கடைக்குள் நுழைந்தார். கையில் பத்திரிகை. முயீவா ஃப்ரீசரை விட்டு எழுந்து, மரவள்ளி மாவு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றான். ஆறடி உயரமானவனுக்கு இடுப்பு வரைதான் மூட்டை.

"தெரியறே, வா" என்றார் தலைவர். "மிஸ்டரா நான்? என் பொண்டாட்டி இருபத்தெட்டு வருஷத்துல ஒருநாள் என்னை மிஸ்டர்னு கூப்பிட்டது இல்லை. வயசை வேற போட்டிருக்கே. நான் என்ன காணாமப் போனவனா?"

"ஐயா, முந்நூறு வார்த்தைக்கு மேல..."

"என் பேரு மட்டும் முந்நூறு தேறும்."

பத்திரிகையை ஃப்ரீசர் மேல் எறிந்தார். அப்போது அவர் கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவர் பேசுவார். மெரிலின் குரல். முயீவா என்பவர் உங்கள் பெயரைச் சாட்சியாகக் கொடுத்திருக்கிறார், இரண்டு நிமிடம் பேசலாமா?

தலைவர் மூட்டைப் பக்கம் பார்த்தார். முயீவா தலையைக் குனிந்துகொண்டான். அந்த 'எடு' எல்லாம் என் வாயிலிருந்து வந்ததுதானே. தலைவர் கைபேசியைப் பொத்திக்கொண்டு, "வெள்ளைக்காரி முன்னால நம்ம பையனை மொட்டைப் பேரோட நிறுத்தச் சொல்றியா?" என்று என்னைக் கேட்டார்.

தொப்பியைச் சரி செய்துகொண்டார். "அம்மா, நீங்க கேக்குறது மூத்த பத்திரிகையாளர், தோழர், பேனா வீரர், இரண்டு ஆளுநர்களை நடுங்க வைத்தவர், நாலு சான்றிதழ் பெற்றவர், உடன்பிறப்பு முயீவாவைப் பத்தி" என்று தொடங்கினார். மெரில் குறுக்கே புகப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள். மூன்று நிமிடம் ஓடியது. அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், "ஏதாவது குறை?" என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் தலைவர், மிகுந்த வருத்தத்தோடு. "ரொம்பச் சுருக்கமா எழுதுவான். எவ்வளவு பெரிய மனுஷன்னாலும் ஈவு இரக்கம் இல்லாம வெட்டிடுவான்."

பிறகு மெரில் பேசியதைத் தலைவர் ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக் கேட்டார். தலைவர் கைபேசியைப் பையில் போட்டார்.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்றா. பேனா கொண்டு போ" என்றார். என் பக்கம் திரும்பி, ஆட்டுக்கறி இரண்டு கிலோ கேட்டார்.

முயீவா மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தான். நான் ஃப்ரீசரைத் திறப்பதற்காகத் தலைவரின் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். மூடியதும் மறுபடி அதன் மேல் விரித்து, சிவப்புப் பேனாவை எடுத்து 'மிஸ்டர்' என்பதை ஒரே கோடாக அடித்தான். ஓரத்தில் 'கிழங்கு வேந்தர்' என்று எழுதினான். அதற்குக் கீழே அமைதித் தூதர், பொறியாளர், டாக்டர். ஓரத்தில் இடம் தீர்ந்ததும், பத்திரிகையைத் திருப்பி வைத்துக்கொண்டு தொடர்ந்து எழுதினான்.