தாத்தாவின் பந்து

விழுப்புரத்தில் என் மகள் ஆடும் பழைய கால்பந்து கிளப்பில், கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருந்தார். காக்கி டிராயர், வெயிலில் கறுத்த கால்கள், சட்டைப்பையில் காற்றடிக்கும் ஊசி. எந்தப் பந்தைக் கண்டாலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்.

கிளப்பை ஆரம்பித்தவரின் பேரன் புதுத் தலைவரானதும், பயிற்சிக்கு நல்ல பந்துகள் வேண்டுமென்று பெரியவர்தான் போய்க் கேட்டார். வந்ததோ ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே, தலைவரின் தாத்தா ஆடிய பந்து.

திண்டிவனம் மேட்சுக்குப் போன வேனில் பெரியவர் அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

"இது எதுக்குங்க?" என்றேன் எரிச்சலோடு.

"போட்டோ எடுக்கணுமாம் சார். பொண்ணுங்க காத்தே நிக்காத பந்துல பழகிக்கினு இருக்குதுங்க. நான் வாரா வாரம் இதுக்குக் காத்தடிச்சிக்கினு இருக்கேன். கேட்டா, எங்க தாத்தா மானம்ன்றாரு தலைவரு. ஒரே பேஜாரு."

ஆறு கோல் வாங்கித் தோற்றோம். தலைவர் பெட்டியோடு படம் எடுத்துக்கொண்டு காரில் போய்விட்டார்.

திரும்பும் வழியில் பெரியவர் பெட்டியைத் திறந்து பந்தை அழுத்தினார். "இறங்கியிருக்குது" என்று பம்பை எடுத்தார். எனக்கு அந்தப் பந்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது. அவர் தலைவரைத் திட்டிக்கொண்டேதான் காற்றடித்தார். ஆனால் பந்து கல் மாதிரி ஆகும்வரை விடவில்லை.