கப்பலில் எடுத்த மகமை

கோவில்பட்டியில் எத்தனையோ உரக்கடை இருக்கிறது. கடை போர்டில் முதலாளி பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று போட்டிருக்கிற கடை மணிராஜுடையது மட்டும்தான். பெயிண்ட் அடிக்க வந்தவன்கூட, "உரம் விக்கதுக்கு இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டான். "நீ எழுதுடே" என்றான் மணிராஜ்.

கயத்தாற்றுக்கு மேற்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்தவன். அப்பா மழை பெய்த வருஷம் உளுந்தும் பருத்தியும் போடுவார், பொய்த்த வருஷம் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போவார். அந்த வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் கால் மணிராஜுடைய கால். அதற்குச் சம்பளம் கட்டியது வியாபாரிகள் சங்கத்து மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு யாவாரியும் தன் லாபத்தில் கிள்ளி வைக்கிற பொதுக்காசுக்குத்தான் மகமை என்று பேர். அதில்தான் சங்கத்துப் பள்ளிக்கூடம் நடக்கிறது, கோயில் கொடைத் திருவிழா நடக்கிறது, மணிராஜைப் போல நாலைந்து கரிசல்காட்டுப் பிள்ளைகள் படிக்கவும் செய்கிறார்கள். கடை போட்ட அன்றைக்கு அவன் முதலில் எடுத்து வைத்ததும் மகமைதான். சாமிக்குக்கூட அப்புறம்தான் சூடம் காட்டினான்.

அந்தக் காசுக்கு ஒரு மரியாதை உண்டு. சங்கத்துப் பொருளாளர் கையில் கொடுக்கும்போதும் எண்ணுவதில்லை, வாங்கும்போதும் எண்ணுவதில்லை. எண்ணினால் அவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். பொருளாளர் நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி மொத்த வியாபாரம் செய்கிறவர், வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. பாதிக் கடைக்காரர்களுக்குச் சரக்கைக் கடனுக்குத் தருகிறவரும் அவர்தான்.

போன வருஷம் மக்காச்சோள விதையை அதிகம் விற்றுக் கொடுத்த கடைக்காரர்களை ஒரு விதைக் கம்பெனி ஜோடியாகக் கப்பல் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போனது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, லங்காவி பார்த்துத் திரும்புவது. மணிராஜும் அவன் வீட்டுக்காரி காளீஸ்வரியும் அதில் இருந்தார்கள்; நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சியும் சங்கத்துக் கடைக்காரர்கள் பலரும் இருந்தார்கள். கப்பல் என்றதும் மற்றவர்களுக்கு நீச்சல்குளம் ஞாபகம் வந்தது. காளீஸ்வரிக்கு அவளுடைய அண்ணன் வெயிலுமுத்து ஞாபகம் வந்தது.

வெயிலுமுத்து பினாங்கிலிருந்து பாலம் தாண்டி அக்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். போய் ஆறு வருஷம். வேலை பார்க்கிற பெர்மிட் முடிந்துபோனது, புதுப்பித்துத் தருகிறேன் என்று முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு இழுத்தடித்தான். அம்மா செத்ததற்குக்கூட வெயிலுமுத்துவால் வர முடியவில்லை. துறைமுகம் பக்கம் வந்தால் போலீஸ் பிடித்துவிடும். "நீங்க இங்கன வந்தா பாத்துக்கிடலாம் தாயி. மதியக் கூட்டம் வரதுக்கு முன்னால வரணும். அதுக்கு மேல நிக்க விட மாட்டான்" என்று போனில் சொல்லியிருந்தான். காளீஸ்வரி கருப்பட்டிச் சேவும் வெங்காய வடகமும் கட்டி வைத்து ஒரு மாதமாக நாளை எண்ணினாள்.

வெளிநாட்டில் கைச்செலவுக்கு என்ன செய்யலாம் என்று மணிராஜ் முன்கூட்டியே படித்து வைத்திருந்தான். கப்பலுக்குள் இருக்கிற மெஷினில் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம். கப்பல் கவுண்டரில் மாற்றினால் ரேட்டில் அடிப்பான். ஊரிலேயே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டு, மீதியைக் கரையில் பேங்க் மெஷினில் ஒரே தடவையாக எடுப்பதுதான் நஷ்டம் குறைந்த வழி. இதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்தான்.

அண்ணாச்சி சிரித்தார். "படிச்ச புள்ள, நல்லாச் சொல்லுதான். ஆனா கார்டும் கீர்டும் எதுக்குடே? சங்கம் எதுக்கு இருக்கு? எல்லாரும் எங்கிட்ட கொடுத்திருங்க. மொத்தமா மாத்தி, அங்கன வச்சு ஆளுக்கு ஒரு கவர் தாரேன். ஒரு பைசா கமிஷன் கிடையாது."

எல்லோரும் கொடுத்தார்கள். மணிராஜும் ஐம்பதாயிரத்தை எண்ணாமல் கொடுத்தான், அவரும் எண்ணாமல் வாங்கிக்கொண்டார். கார்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி பேங்க் ஆப்பில் மாற்றி வைக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். அதைக்கூட அவன் செய்யவில்லை. சங்கம் இருக்கையில் தனியாக ஏற்பாடு செய்வது அவனுக்கே நன்றிகெட்டத்தனமாகப் பட்டது.

கப்பலில் ஏறிய முதல் நாளே மணிராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடல் காரணமில்லை, கடல் நம்ம ஊர் கண்மாய் மாதிரி சும்மா கிடந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொருவரும் தட்டில் இறாலை மலை மாதிரிக் குவித்து, நாலு வாய் தின்றுவிட்டு, அப்படியே தள்ளிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்கள். கயத்தாற்று ஜெயகிருஷ்ணன் ரொட்டியும் கேக்கும் டிஷ்யூவில் சுருட்டிப் பொண்டாட்டியின் ஹேண்ட்பேக்கில் அடைத்தார். "காசு கட்டியாச்சுல்லா" என்றார். காசு கட்டியது கம்பெனி. கம்பெனிக்குக் கட்டியது, விதையைக் கடனில் வாங்கி, படைப்புழு தின்ற சோளத்துக்கு மருந்தும் கடனில் வாங்கியடித்த சம்சாரி. அந்த நினைப்போடு மணிராஜால் இறாலைப் பார்க்க முடியவில்லை. மோர்ச்சோறு கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்காது என்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் மாடிப்படி தேடிப்போய் வழி தப்பி, சூதாட்டக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டான். கம்பளத்தில் சிகரெட் நாற்றமும் செண்டு நாற்றமும் கலந்து நின்றன. நடு மேசையில் நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பொட்டை அழித்திருந்தார். முன்னால் வட்ட வட்டமாக பிளாஸ்டிக் காசு. அது குறையக் குறைய, இடுப்புப் பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துப் பிரித்து, நோட்டை மேசைக்காரியிடம் தள்ளினார். கவரில் பால்பாயிண்ட் பேனாவால் ஏதோ பேர் எழுதியிருந்தது. காலிக் கவர்கள் காலடியில் கிடந்தன.

மணிராஜ் சத்தமில்லாமல் வெளியே வந்தான். காளீஸ்வரியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "அவிய அப்பிடிச் செய்ய மாட்டாக. சொந்தக் காசா இருக்கும்."

"சொந்தக் காச எவன்டீ கவர்ல பேரு எழுதிக் கொண்டுபோவான்?"

பினாங்கு வந்த காலையில் காளீஸ்வரி விடிந்ததும் சேலை கட்டி, சேவுப் பையோடு தயாராக நின்றாள். கவர் தருகிறேன் என்று சொன்ன இடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். அண்ணாச்சி வரவில்லை. கப்பல் கரை தட்டி, மற்ற தேசத்து ஜனமெல்லாம் இறங்கிப்போய், காப்பிக் கோப்பைகளைக்கூட அள்ளிக்கொண்டு போன பிறகு வந்தார். புதுச் சந்தனம்.

வயசான கடைக்காரர்களுக்கு முதலில் ஆளுக்கொரு கவர். யாரும் எண்ணவில்லை, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கும்பிட்டார்கள். மணிராஜ் முறை வந்தபோது அண்ணாச்சி கை காலியாக இருந்தது.

"உனக்கும் ஜெயகிருஷ்ணனுக்கும் லங்காவியில தாரேன். ஒருத்தன்கிட்ட கொஞ்சம் காசு நிக்கி."

"அண்ணாச்சி, இன்னைக்குத்தான் எனக்கு வேணும். இவ அண்ணனப் போய்ப் பாக்கணும். டாக்ஸிக்கு வேணும்."

அண்ணாச்சி நெருங்கி வந்து தோளில் கை போட்டார். "அவசரம்னா சொல்லணும்லா. என் சொந்தக் காசுல இருந்து கைமாத்தாத் தாரேன். நூத்துக்குப் பத்து மட்டும் எடுத்துக்கிடுதேன்."

"எதுக்குப் பத்து?"

"மகமைதான். இப்ப வாங்கினாகள்ல, எல்லார் கவர்லயும் பத்து பிடிச்சிருக்கேன். உனக்கு மட்டும் பிடிக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

மணிராஜ் சுற்றிலும் பார்த்தான். எல்லாருக்கும் கேட்டது. யாரும் கவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்கள்.

தோளில் கிடந்த கை ஈரமாக இருந்தது. பல்லிமேல் கை பட்டதுபோல அவனுக்கு உடம்பு கூசியது. தன் பணத்தைத் தனக்கே வட்டிக்குக் கொடுக்க வந்த கையை மெல்ல எடுத்துவிட்டு, "வேண்டாம் அண்ணாச்சி" என்றான்.

காளீஸ்வரி பின்னாலேயே ஓடி வந்தாள். "பத்துதான, கொடுத்துத் தொலைங்க. நேரம் போவுது."

"கப்பல்ல எவ்வளவு கட்டணம் போட்டாலும் கட்டுதேன். அந்தாளுக்குக் கட்ட மாட்டேன்."

சொன்னபடியே கப்பல் மெஷினுக்குப் போனான். கட்டணத்தைப் பார்த்து வயிறு எரிந்தாலும் சம்மதம் என்று அமுக்கினான். மெஷின் கார்டைத் துப்பியது. கவுண்டரில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் நீட்டினான். அவள் இரண்டு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, கார்டு வெளிநாட்டுக்குத் திறந்திருக்கவில்லை என்றாள். கப்பல் இண்டர்நெட்டுக்குப் பணம் கட்ட அதே கார்டு வேண்டும். மணிராஜுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எல்லாம் தெரிந்திருந்தும், ஒரு நிமிஷ வேலையை மரியாதை என்ற பேரில் விட்டவன் அவன்தானே.

"கரையில் இறங்கினால் டெர்மினலில் இண்டர்நெட் இலவசம்" என்றாள் அந்தப் பெண்.

கையில் ஒரு காசில்லாமல் இறங்கினார்கள். டெர்மினல் முழுக்க அதே இண்டர்நெட்டை இழுக்கிற கூட்டம். ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. காளீஸ்வரி பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஒருவழியாகக் கார்டு திறந்தது. வெளியே நடந்து ஒரு பேங்க் மெஷினைப் பிடித்தான். பணம் வருவதற்கு முன்னால், கணக்கை இந்திய ரூபாயில் வைத்துக்கொள்ளட்டுமா என்று மெஷின் பரிவாகக் கேட்டது. அப்படி வைத்தால் மெஷின்காரன் போடுவதுதான் ரேட்டு என்று மணிராஜ் படித்திருந்தான். அண்ணாச்சி தோளில் கை போட்ட மாதிரியே இருந்தது அந்தக் கேள்வி. வேண்டாம் என்று அமுக்கினான். அந்த நாட்டு ரிங்கிட் நோட்டுகள் வந்தன. அங்கேயே நின்று, நாலு பேர் பார்க்க, எண்ணி வாங்கினான்.

டாக்ஸி பாலத்தில் நெரிசலில் ஊர்ந்தது. கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியக் கூட்டம் நிரம்பி வழிந்தது.

வெயிலுமுத்து காலையிலிருந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தான். பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குத்தான் இவர்களை வரச் சொன்னான். தரையெல்லாம் சோற்றுத் தண்ணீர். மீன் முள் வாளியை ஈ மொய்த்தது. ஆறு வருஷத்தில் அவன் பாதி ஆளாகிவிட்டிருந்தான்.

"ஏட்டி காளி, ஏன்ட்டி இவ்வளவு நேரம்? காலையிலேயே கப்பல் வந்துட்டுன்னாவளே. உனக்காக அரைநாள் லீவு சொல்லி வச்சிருந்தேன், அது முடிஞ்சு போச்சு."

காளீஸ்வரி அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மணிராஜ் மெஷினில் எடுத்த பணத்தில் பெரும்பகுதியை நீட்டினான். "மச்சான், அந்த பெர்மிட்டுக்குக் கட்டிப் பாரும்."

"உங்களுக்கு எதுக்கு மாப்ள கஷ்டம்" என்று அவன் சொல்லும்போதே உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போனான், இரண்டு தட்டு வைத்துவிட்டு வந்தான். மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை போனவன் வரவில்லை. கண்ணாடி வழியாகத் தெரிந்தான். கையில் நாலு தட்டு. தலையை மட்டும் ஆட்டினான், போங்க என்று. அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று அவனிடம் சொல்லத்தான் காளீஸ்வரி கடல் தாண்டி வந்திருந்தாள். அது சொல்லப்படவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கப்பலில் ஒரு சின்ன ஹாலில் சங்கத்தாரைக் கூட்டி, சுற்றுலாவில் சங்கத்தாரைச் சிறப்பாகக் கவனித்துக்கொள்கிற பொருளாளருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார்கள். கோவில்பட்டியிலிருந்தே ஆடையை வாங்கி வந்திருந்தார்கள். "மணிராஜ் போர்த்தட்டும். சங்கத்தால படிச்ச புள்ள, ரெண்டு வார்த்தை நல்லாப் பேசுவான்" என்று யாரோ சொன்னார்கள்.

மணிராஜ் ஆடையை வாங்கிக்கொண்டு முன்னால் போனான். அண்ணாச்சி கழுத்தை நீட்டினார்.

"அண்ணாச்சி, நூத்துக்குப் பத்து பிடிச்ச மகமை எந்தக் கணக்குல நிக்கி? அதச் சொல்லுங்க, போர்த்துதேன்."

அண்ணாச்சி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "சங்கத்துச் சோத்தத் தின்னு படிச்சவன், சங்கத்தையே கேள்வி கேக்குதான், பாத்தீயளா?"

"அந்தச் சோத்தத் தின்னதாலதான் கேக்குதேன். எங்க அப்பன் மாதிரி ஆளுக பிள்ளைகளுக்கு உள்ள காசு அது. நேத்து சாயங்காலம் நீங்க பேரு எழுதுன கவரப் பிரிச்சுச் சூதாட்ட மேசையில தள்ளுனத நான் பாத்தேன்."

யாராவது ஒருவர் ஆமாம் என்பார் என்று நினைத்தான். முக்கால்வாசிப் பேர் சட்டைப்பையிலும் பத்து குறைந்த கவர் இருந்தது. "விடுப்பா, போற இடத்துல என்ன" என்றார் ஒருவர். "பெரியவுகள அப்பிடிக் கேக்கப்படாது" என்றார் இன்னொருவர். ஜெயகிருஷ்ணன் எழுந்து வந்து, மணிராஜ் கையிலிருந்த ஆடையை உருவி, அண்ணாச்சி தோளில் போர்த்தினார். அவருக்கும் கவர் வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் நிற்பதற்குள் மணிராஜும் காளீஸ்வரியும் வெளியே போய்விட்டார்கள்.

மேல்தளத்தில் காற்று உப்பாக அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஜெயகிருஷ்ணன் தனியாக வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, போனை எடுத்தார்.

"தம்பி, கரையில மெஷின்ல எடுத்தியாம்லா. நாளைக்குக் கரையில இறங்குனதும் எனக்கும் அந்தக் கார்டத் தொறந்து தாயேன். அண்ணாச்சிக்குத் தெரியாண்டாம்."

மணிராஜ் கை நீட்டுவதற்குள் காளீஸ்வரி பேசினாள். "தொறந்து தருவாவ அண்ணே. ஊருக்குப் போனதும் பொதுக்குழுவுல இவுக கணக்குக் கேப்பாவ. அப்ப நீங்களும் எந்திரிச்சு ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

ஜெயகிருஷ்ணன் போனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். அப்புறம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பத்துதானம்மா. போனாப் போவுது. அவரு சரக்க நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"

அவர் படியிறங்கிப் போகிறவரைக்கும் மணிராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் கசப்பாக ஊறியது. துப்ப இடம் தேடினான். துப்பக் கூடாது என்று கைப்பிடிக் கம்பி நெடுக நாலு பாஷையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். விழுங்கினான்.

"பொதுக்குழுவுல ஒத்தையிலயாது கேப்பியளா?" என்றாள் காளீஸ்வரி.

"கேப்பேன்" என்றான்.