பன்னிரண்டரை மணிக்கு வந்த போன்

படித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு நின்றவள் நான். மளிகைச் சீட்டும் ஒன்றிரண்டு கடிதமும் எழுதியதோடு சரி. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள் இப்படிப் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை வாயால் சொல்ல இத்தனை வருஷமாக முடியவில்லை. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு ரெட்டியார்பாளையத்தில். அப்பா பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. எனக்குப் பதின்மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள் என் தங்கை. நான் சொல்லப்போவது அவள் நர்சிங் கடைசி வருஷம் படித்தபோது நடந்தது. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது.

டிசம்பர் வந்தால் நான் கேக் செய்து விற்பேன். எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மைதா கிடையாது, ரவைதான். விவிக்கம் என்போம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு குடும்பத்துக்குச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அங்கே கற்றுக்கொண்டது. ரவையை வெண்ணெயில் ஊறவைக்க வேண்டும். ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்த பிறகு, கடைசியில் வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கலக்க வேண்டும். நுரையை அடித்துவிட்டால் காத்திருக்க முடியாது. வைத்தால் அடங்கிவிடும், கேக் கல்லாகிவிடும்.

வீட்டில் ஓவன் இல்லை. தெருமுனை பேக்கரியில் மத்தியான ரொட்டியை எடுத்த பிறகு செங்கல் அடுப்பில் சூடு மிச்சம் இருக்கும். அந்தச் சூட்டில் எங்கள் கேக் டின்களை வைத்து, மறுநாள் காலையில் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு மணிக்கு டின் அங்கே இருக்க வேண்டும். தாமதமானால் அன்றைக்கு வைக்க மாட்டார்கள்.

பத்து வருஷமாக அது என் கேக்காக இருந்தது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

தங்கை கல்லூரியில் சேர்ந்த பிறகு அடுப்படிக்குள் வந்தாள். ஒத்தாசைக்குத்தான் வந்தாள், குறை சொல்ல முடியாது. காலை டியூட்டி முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, வெள்ளை உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். விரல் இடுக்குகளைக்கூட விடமாட்டாள். அரிசி டின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டே திராட்சையை ஆய்வாள். சில நாள் என் கையில் புத்தகத்தைக் கொடுத்து, "கேளுக்கா, நான் சொல்றேன்" என்பாள். நான் எழுத்துக் கூட்டி ஒரு வார்த்தையைப் படிப்பதற்குள் அவள் பதிலையே சொல்லி முடித்துவிடுவாள்.

"அக்கா, நீ கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள கொழந்தையே பொறந்துடும்!"

அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நெஞ்சுக்குள் எரியும்.

கொடியில் அவள் உடுப்பு கஞ்சி மொடமொடப்போடு தொங்கும். அதன் மேல் என் புடவை உரசக் கூடாது என்று அம்மா என் துணியைத் தள்ளிப் போடுவாள். பக்கத்து வீடுகளிலிருந்து பிரஷர் மாத்திரைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். பேக்கரிக்காரர் என்னை ஒரு நாளும் பேர் சொல்லியோ அக்கா என்றோ கூப்பிட்டதில்லை. அவளைப் பார்த்தால், "வாங்க சிஸ்டர், உக்காருங்க சிஸ்டர்" என்று மாவு மூட்டையை நகர்த்தி இடம் போடுவார். நான் மட்டும் டின்களைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரு கவலை இருந்தது. மாணவிகள் ஒவ்வொருவரும் இருபது பிரசவம் பார்த்து, கேஸ் புத்தகத்தில் மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவளிடம் பத்தொன்பது இருந்தது. சனிக்கிழமைக்குள் புத்தகத்தைக் கொடுக்காவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது, ஆறு மாதம் தள்ளிப்போகும். லேபர் வார்டில் மாணவிகள் அதிகம், கேஸுக்கு அடிதடி. அந்த வியாழக்கிழமை அவளுக்கு வார லீவு. "கேஸ் வந்தா போன் பண்ணுடி, ஓடி வந்துடறேன்" என்று தோழி ஒருத்தியிடம் சொல்லிவைத்திருந்தாள். எனக்கும் அது தெரியும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அம்மாள் கேக் சொல்ல வந்தார். நான்தான் கதவைத் திறந்தேன்.

"நர்ஸ் பொண்ணு செய்யற கேக்கு இந்த வீட்லதானே?"

"நான்தாங்க செய்யறேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொண்ணு செய்யறதில்லையா? சுத்தபத்தமா இருக்கும்னு சொன்னாங்களே."

உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அவளும் செய்வா, அவதான் எல்லாம்! நீங்க சொல்லிட்டுப் போங்க."

அவதான் எல்லாம். ஏலக்காய் தட்டும்போதும் அதுவே காதில் கேட்டது. வியாபாரத்துக்காக அம்மா சொன்னாள் என்று தெரியும். தெரிந்து என்ன? பதினொரு மணிக்கு அம்மா மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கும் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

பன்னிரண்டரை மணிக்குப் போன் அடித்தது. தங்கை பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எடுத்தேன். அவள் தோழிதான்.

"அக்காவா? ஒரு கேஸ் வந்திருக்குக்கா. ரெண்டாவது கொழந்த, சீக்கிரம் ஆயிடும். மேடம் அவளுக்குன்னு வெச்சிருக்காங்க. ஒன்றரைக்குள்ள வரச் சொல்லுங்க, சரியா?"

"சரி" என்றேன். வைத்துவிட்டேன்.

"யாருக்கா போன்ல?" குழாயடியிலிருந்து கேட்டாள்.

"ராங் நம்பர்."

இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம்கூட நாக்கு குளறவில்லை. ஆறு டின் மாவு தயாராக இருக்கிறது, நுரை பாதியில் இருக்கிறது, டின்னைக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றரைக்கு அவள் அங்கே இருக்க வேண்டும் என்பதும் கடிகாரத்தில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்காமல் மாவைக் கிளறினேன்.

ஒன்றேமுக்காலுக்கு ஆளுக்கு மூன்று டின் தூக்கிக்கொண்டு போனோம்.

"சிஸ்டர் கேக் வந்தாச்சி, வழி வுடுங்கப்பா!" என்றார் பேக்கரிக்காரர்.

"அண்ணே, இது எங்க அக்கா கேக்கு. நான் எடுபிடி" என்றாள் அவள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஓடியிருந்தால், பஸ் கிடைத்திருந்தால், கடைசி நிமிஷத்திலாவது போய்ச் சேர்ந்திருப்பாளோ என்னவோ. நான் டின்களை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மறுபடி போன். இந்த முறை அவளே எடுத்தாள்.

"என்னடி? ... எப்போ? ... பன்னண்டரைக்கா? ... யார்கிட்ட சொன்ன?"

அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். "அந்தக் கேஸ யார் பாத்தா?" என்று ஒன்று மட்டும் கேட்டாள். பிறகு மெதுவாக வைத்துவிட்டு அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"ராங் நம்பராக்கா?"

நான் பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். "வெள்ளக்கரு அடிச்சிக்கிட்டிருந்தே. நுரை அடங்கிடும்னு..."

"நுரையா?" அவள் குரல் ஏறவில்லை. "எனக்கு ஆறு மாசம் போயிடும்க்கா. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத அப்படியே கொட்டிட்டு ஓடியிருப்பேனே."

"அதனாலதான் சொல்லல."

யோசித்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. அவள் அதைக் கொட்டிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் கொட்டிவிட்டு ஓட ஓர் இடம் இருந்தது. அந்த ஓட்டத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அறைக்குள் போய்ப் புத்தகங்களை அடுக்கினாள். கொடியிலிருந்து உடுப்பை எடுத்து மடித்தாள். அம்மா வந்ததும், "சனிக்கிழம வரைக்கும் ஹாஸ்டல்ல என் ஃப்ரெண்டு ரூம்ல தங்கிக்கறேம்மா, வார்டு பக்கத்துலயே இருக்கலாம்" என்றாள். "நாளைக்குக் கேக்கு எடுத்துட்டு வரணுமேடி" என்றாள் அம்மா.

"அது அக்கா கேக்கும்மா. அக்கா பாத்துக்கும்."

போனைப் பற்றி அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆறு மணி பஸ்ஸுக்கு, வேலை முடிந்து வந்த அப்பா அவளோடு போனார். கிளம்பும்போது வாசலில் நின்று, "சாப்ட்டுட்டுப் போயேன்" என்றேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு இருபதாவது பிரசவம் கிடைத்தது, பெண் குழந்தை. சாயங்காலம் போன் செய்து அம்மாவிடம் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்; என்னிடம் கொடுக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை, பேசி முடித்ததும் அம்மா போனை வைத்துவிட்டாள்.