மாதக்காரர் வீட்டு ஓபல்

நகைக்கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு, வந்தவரின் முகம் அப்புறம்தான். முதலில் பிறந்த மாதம் தெரிய வேண்டும். "எந்த மாசம்?" என்று கேட்பார். பதில் வந்ததும் கண்ணை லேசாக மூடித் திறப்பார். அதற்குள் எதிரில் நிற்பவர் அவருக்குச் சிவப்பாகவோ நீலமாகவோ மாறியிருப்பார். வெயில் கண்ணாடிப் பெட்டியில் விழுந்து, எல்லார் கையிலும் கன்னத்திலும் கல்லின் நிறம் ஊர்ந்துகொண்டிருக்கும் இடம் அது. அங்கே இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தால் யாருக்கும் கொஞ்சம் கனவு பிடித்துக்கொள்ளும். கடையில் அவருக்கு மாதக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

மாதத்துக்கு ஒரு கல் என்று யார் வகுத்தார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனால் கல்லை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் கேட்டுவிட்டால் போச்சு, நிறுத்தவே மாட்டார். ஜூன் மாதத்து முத்தை, சென்ட் எல்லாம் அடித்து முடித்த பிறகு கடைசியில் போட வேண்டும், வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டும். மே மாதத்து மரகதத்தை வெந்நீரில் முக்கக் கூடாது. "கல்லுன்னா கல்லு மாதிரியே கெடக்கும்னு நினைக்காதீங்க. அதுக்கும் ஒடம்பு இருக்கு" என்பார். பக்கத்து மேசையில் வளையல் விற்பவர் அந்த வசனத்தைக் கூடவே வாயசைப்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவிக்கு மாதமே கிடையாது.

பிறக்காமலா இருந்தாள்? பிறந்தாள். எப்போது என்பதுதான் யாருக்கும் நினைவில்லை. வீடு நிறையப் பிள்ளைகள். அவளுடைய அம்மாவைக் கேட்டால், "நீயா? கூரை ஒழுகிச்சே, அந்த வருஷம்" என்பாளாம். கூரை எந்த வருஷம் ஒழுகவில்லை? பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் தன் வசதிக்கு ஒரு தேதி போட்டுக்கொண்டார். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தேதி. "நாங்க பதினஞ்சு பேரும் ஒட்டிப் பொறந்தவங்க" என்று அவள் சிரிப்பாள். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் திரைச்சீலைகள் தைப்பவள். மடி நிறைய ஊர்க்காரர்களின் ஜன்னல்களை வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவரால் மட்டும் கூடச் சிரிக்க முடியாது. ஊரில் பாதிப் பேரை நிறம் பார்த்து வைத்திருப்பவருக்கு, கண்ணை மூடினால் சொந்த மனைவி நிறமில்லாமல் நின்றாள். அது அவருக்கு உண்மையாகவே வலித்தது.

வருஷத் தொடக்கத்தில் மகள் ஒரு காரியம் கேட்டாள். வருஷக் கடைசியில் வேலைக்காக வெளிநாடு போகிறாள். "அப்பா, கழுத்துல போட்டுக்க ஒரு பதக்கம் வேணும். மூணு கல்லு. உங்களோடது, அம்மாவோடது, என்னோடது. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

மார்ச்சில் பிறந்த அவருக்கு வெளிர்நீலக் கல். ஆகஸ்டில் பிறந்த மகளுக்கு இளம்பச்சை. பதக்கம் தயாராகி வந்தது, நடுவில் ஒரு குழியோடு. அதை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு அடிக்கடி திறந்து பார்ப்பார்.

"அதுல என்னத்தையாவது வெச்சு மூடுங்களேன். ஒரு கண்ணாடித் துண்டு கெடைக்காதா?" என்றாள் மனைவி.

"அப்படியெல்லாம் வைக்க முடியாது" என்றார். அவருக்குக் கோபம்கூட வந்தது.

கடைசியில் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கடையில் மாதிரிக்கு வைத்திருந்து, பொலிவு போனதால் முதலாளி அவரிடமே கொடுத்துவிட்ட மோதிரங்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு. மாதம் பிறந்ததும் அந்த மாதத்து மோதிரத்தை அவள் விரலில் போட்டுவிடுவார். அவளுடைய கல் எதுவோ அது வந்ததும் அவளுக்கே தெரிந்துவிடும் என்று நம்பினார். வளையல்காரர் கேள்விப்பட்டு, "உமக்கு முத்திப்போச்சு" என்றார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரியின் சிவப்புக் கல்லான கார்னெட் துணி மடிப்புகளுக்கு நடுவே கங்குபோல் போய்வந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருதையோ வாங்கிப் போட்ட மாதிரி இருக்கு" என்று மாதக் கடைசியில் கழற்றிக் கொடுத்தாள். பிப்ரவரியின் ஊதாக் கல்லைக் கழற்றியது அவளுக்கு மறுநாள் வரை தெரியவே இல்லை. முத்து நூலில் சிக்கியது. மாணிக்கம் வந்தது, நீலம் வந்தது. மாலையில் வீடு திரும்பினால், சாய்ந்த வெயிலில் மெல்லிய துணிகள் அறை முழுக்க மிதந்துகொண்டிருக்கும்; நடுவில் அவளுடைய கை ஒவ்வொரு மாதமும் ஒரு நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வாசலிலேயே நின்று பார்ப்பார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றும் ஒட்டவில்லை.

அக்டோபர் பிறந்தது. ஓபல் மோதிரத்தைப் போட்டுவிட்டார். அசைத்தால் உள்ளே பச்சையும் செம்மஞ்சளும் ஓடி ஒளியும் கல். சாப்பிடும்போது வழக்கம்போல் ஆரம்பித்தார். "இதுக்குள்ள தண்ணி இருக்கு, தெரியுமா? ரொம்ப காஞ்ச எடத்துல கெடந்தா வெடிச்சிடும்."

அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டாள்.

மழை வர வேண்டிய அந்த மாதம் பார்த்து வறட்டுக் காற்று வீசியது. உதடெல்லாம் வெடித்தது. ஒரு வாரம் கழித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், மிஷின் பக்கத்து ஜன்னலில் ஒரு கிண்ணத்தைப் பார்த்தார். கிண்ணத்தில் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் மோதிரம்.

"என்ன இது?"

"காத்து ஒரேயடியா காயுதுங்க. அதான் ஊற வெச்சிருக்கேன். தெனமும் தண்ணி மாத்தறேன்" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் மோதிரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கல்லின் ஓரமெல்லாம், குளிர்நாளில் மூச்சுவிட்ட ஜன்னல்போல் வெண்மூட்டம். உள்ளே நடுவில் மட்டும் ஒரு துளி பச்சை மிச்சமிருந்தது.

தப்பு அவருடையதுதான். முழு ஓபலாக இருந்தால் தண்ணீர் ஒன்றும் செய்திருக்காது. இது ஒட்டுக் கல். மேலே வெங்காயச் சருகு கனத்தில் ஓபல், அடியில் கறுப்புத் தகடு, நடுவில் பசை. தண்ணீர் உள்ளே போனால் பசை விட்டு மூட்டம் போட்டுவிடும். கடையில் ஒட்டுக் கல் வாங்குகிறவர்களிடம் இதை அவர் சொல்லாமல் விட்டதே இல்லை. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற மகானுக்கு வீட்டில் மட்டும் பாதியில் நாக்கு நின்றுவிட்டது.

சொன்னார். அவள் முகம் வாடிவிட்டது. மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"விடு. பதக்கத்துக்கு நல்ல முழு ஓபலாவே வைக்கலாம், உனக்குப் புடிச்சிருந்தா" என்றார்.

"அது எதுக்கு?" அவள் கையை நீட்டி மோதிரத்தை வாங்கிக்கொண்டாள். மடியில் இருந்த துணியில் அதன் ஈரத்தைத் துடைத்தாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள்: "மத்ததெல்லாம் நீங்க போடச் சொன்னீங்க, போட்டேன். இதத்தாங்க நான் பாத்துக்கிட்டேன். தெச்சிட்டிருக்கும்போதே, பாவம், அதுக்குத் தாகமா இருக்குமேன்னு தோணும். எழுந்து எழுந்து போய்ப் பாப்பேன். எனக்கு அப்படி வேற எந்தக் கல்லு மேலயும் தோணலையே."

அவர் கண்ணை மூடித் திறந்தார். இத்தனை வருஷம் வெறுமையாக இருந்த இடத்தில் இளவெள்ளையாக ஒரு மூட்டம், நடுவே ஒரு துளி பச்சை. அதற்குள் அவள் நின்றாள்.

அந்தக் கல்லையே பதக்கத்தில் பதிக்கக் கொடுத்தார். கல் பதிப்பவர், "கெட்டுப்போன கல்லு இது, கவனிச்சீங்களா?" என்று கேட்டார். கவனித்ததாகச் சொன்னார். நவம்பர், டிசம்பர் மோதிரங்கள் டப்பாவை விட்டு வெளியே வரவில்லை.

புறப்படுகிற அன்று காலையில் மகள் பெட்டியைப் பூட்டிவிட்டுப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று, நடுவில் இருந்த மூட்டத்தை விரலால் தொட்டாள்.

"அம்மாவுக்கு எந்த மாசம்ப்பா?"

"அக்டோபர்."

"நெஜமாவா? யார் சொன்னா?"

அவர் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மிஷின் சத்தம் நின்றது. மனைவி எழுந்து வந்து, மகளின் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்து, பதக்கத்தைத் திருப்பி நேராக வைத்தாள்.

"குளிக்கறப்போ இதக் கழட்டி வெச்சிடும்மா" என்றாள். "தண்ணி ஆகாது எனக்கு."