பின் லைட்டில் ஒட்டிய கறுப்பு

எட்டு மாதம் நான் பிரேக் பிடிக்கத் தெரியாதவளாக இருந்தேன். பக்கத்துச் சீட்டில் இருந்த மனுசன் அப்படிச் சொன்னார். எனக்குத் தாலி கட்டியவர், லைசென்ஸ் எடுத்து இருபது வருடமானவர், சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. கைவிரல் விறைத்துப்போய்த்தான் வீடு வருவேன். அந்த நேரத்தில் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்தது. குளிக்க வார்ப்பது, சாப்பாடு கொடுப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது. எனக்கு ஆசையான வேலை. ஒரே ஒரு நிபந்தனை, தனியாகக் கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். டெஸ்ட் வியாழக்கிழமை, வேலை திங்கட்கிழமை தொடக்கம் என்று ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் இருக்கும் பிளாட் புஷ்ஷிலிருந்து பஸ் பிடித்து அந்த வேலை பார்க்கலாம் என்று இந்த ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள்.

பழகியது அவருடைய காரில். அந்தக் காருக்குக் கிடைத்த செல்லம் எங்கள் மகளுக்குக்கூடக் கிடைக்கவில்லை. கூட வேலை செய்கிறவன் எவனோ சொன்னானாம், ஒருநாள் பின் லைட்டுகளுக்குக் கறுத்த பிலிம் ஒட்டிக்கொண்டு வந்தார். பின் கண்ணாடிக்குள் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டையும் விட்டுவைக்கவில்லை. சாய்ந்து நின்று படம் எடுத்தார். "என்ன மாதிரி?" என்றார். வீட்டு வாசலில் நின்றபடியே "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் பருப்பு இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் எல் போர்ட் மாட்டி ஓட்டத் தொடங்கினேன். சிக்னலில் சிவப்பு விழுந்தால் மெதுவாகத்தான் நிறுத்துவேன். பின்னால் வருகிற கார் கிரீச்சென்று வந்து ஒட்டி நிற்கும். ஹோர்ன் அடிப்பார்கள். ஒருத்தி கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டித் திட்டிவிட்டே போனாள். உடனே இவர் தொடங்குவார்.

"எத்தினை தரம் உமக்குச் சொல்லுறது? பிரேக்கைத் தடவ வேணும், குத்தக்கூடாது!"

"மெதுவாத்தானேயப்பா மிதிச்சனான்."

"அப்ப பின்னாலை வாறவனெல்லாம் விசரனே?"

வருகிறவர்கள் எல்லோரும் பைத்தியமாக இருக்க முடியாதே. பிழை என் காலில்தான் என்று முடிவு கட்டினேன். அடி மெல்லிய சப்பாத்து வாங்கினேன். சோறு வேகும் நேரம் குசினிக் கதிரையில் இருந்து, நிலத்தைப் பிரேக் என்று நினைத்து மெல்ல மெல்ல அழுத்திப் பழகினேன். பைத்தியக்காரி மாதிரி! ஒருநாள் பின்னால் வந்த வான் ஒன்று இடிக்காத குறையாக நின்றது. பின் சீட்டில் இருந்த மகள் வீரிட்டுக் கத்தினாள். அம்மா ஓட்டினால் இனிமேல் வரமாட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். தகப்பன் சிரித்தார்.

டெஸ்ட் அன்று நல்ல வெயில். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி, தலை நரைத்த மனிதர், ஓடத் தொடங்க முன்னர் காரைச் சுற்றிப் பார்த்தார். பின்னால் போய் நின்று பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். மறுபடி மிதிக்கச் சொன்னார். மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அவர் என்னிடம் வந்து, இறங்கிப் பின்னால் போய்ப் பார் என்று சொல்லிவிட்டு என் சீட்டில் ஏறி இருந்து பிரேக்கை மிதித்தார்.

எட்டு மாதத்தில் பிரேக் மிதித்திருக்கும்போது நான் அந்தக் காருக்குப் பின்னால் நின்றது அன்றுதான். ஒன்றும் எரியவில்லை. குனிந்து, கையால் வெயிலை மறைத்துப் பார்த்தேன். உள்ளே வெற்றிலைக் கறை மாதிரி மங்கலாக ஒரு சிவப்பு.

லைட்டை இப்படிக் கறுப்பாக்குவது இங்கே சட்டப்படி பிழை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நல்ல வெயிலிலும் தூரத்தில் வருகிறவனுக்கு அது தெரிய வேண்டும், நீ நிறுத்துகிறாய் என்று தெரியாமல் ஒருவன் வந்து உன்மேல் ஏறிவிடுவான் என்றார். இந்தக் காரில் டெஸ்ட் எடுக்க முடியாது. பிழை உன்னிலல்ல, காரில் என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், டெஸ்ட் போனதற்கு அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

வெளியே காத்திருந்த என் மனுசன், "அவனுக்கு எங்கடை ஆக்களைக் கண்ணிலை காட்டேலாது" என்றார். அடுத்த டெஸ்டுக்கு மூன்று கிழமைக்குப் பிறகுதான் நாள் கிடைத்தது. வேலை தந்தவர்கள் அன்பாகத்தான் கதைத்தார்கள். திங்கட்கிழமை வேறொரு பெண் அந்த வேலைக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை கராஜில் அவர் பிலிமைக் கழற்றினார், என்னுடைய தலைமயிர் காயவைக்கும் மெஷினை வைத்து. ஓரத்துக்குச் சூடு காட்டினார், நகத்தால் நெம்பினார், முழுதாக உரித்து எடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"நல்லாப் பழகின கை போலை" என்றேன்.

"வாரண்டுக்கும் கழட்டினனான்தானே" என்றார், யோசிக்காமல்.

வாரண்ட் என்றால் கார் ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருடாவருடம் பார்க்கும் சோதனை. வாரண்ட் எடுத்த மாதத்தில் என் மெஷினைக் காணாமல் வீடெல்லாம் தேடிய சனிக்கிழமை எனக்கு நினைவு வந்தது. சோதனைக்குக் கழற்றி, பாஸானதும் புதிதாக ஒட்டியிருக்கிறார். அந்தக் கறுப்போடு போனால் பாஸ் பண்ணமாட்டார்கள் என்று இந்த மனுசனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னையும் பிள்ளையையும் அதில் ஏற்றி, என் காலை ஏசியிருக்கிறார்.

"தெரிஞ்சு கொண்டே என்னை ஏசினீங்கள்?"

"நீரும் கொஞ்சம் குத்தித்தான் பிடிச்சனீர்" என்றார், மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டே.

மூன்று கிழமையில் பாஸ் பண்ணினேன். பிரேக்கில் ஒரு குறையும் எழுதவில்லை. இன்னும் அதே கிடங்கில்தான் பெட்டி அடுக்குகிறேன். போன மாதம் விருந்துக்கு வந்த தமிழ்நாட்டுப் பெண், "அக்கா, நீங்க எப்போ லைசென்ஸ் எடுத்தீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முன்னர் இவர், "ரெண்டாந்தரம்தான் பாஸ், பிரேக்கிலை ஆள் கொஞ்சம் வீக்" என்று சிரித்தார். லைட்டுக் கதையைச் சபையில் வைத்து முழுக்கச் சொன்னேன். அவர் சும்மா பகிடிக்குச் சொன்னதாம்.

பின் லைட்டுகள் இப்போது பளிச்சென்று எரிகின்றன. நான் மெதுவாகத்தான் நிறுத்துகிறேன், பின்னால் ஒருவரும் ஹோர்ன் அடிப்பதில்லை. ஆனால் பிரேக்கில் என் கால் போகும்போதெல்லாம், பின் சீட்டில் மகளின் கை இன்னும் கதவுப் பிடியைத் தேடிப் போகிறது.